கணவாயில் மலை எங்கே?

அன்புள்ள ஐயா,

பாலக்காட்டுக் கணவாயில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஜூனில் மேற்கே பட்டாம்பியில் மழை கொட்டுகிறது, நம் ஊரில் காற்றுதான் அடிக்கிறது, ஏன் என்று கேட்டேன். "மலை மறைக்குது டீச்சர்" என்றான் ஒருவன். "இது கணவாய், மலை எங்கடா இருக்கு?" என்றாள் ஒருத்தி. அப்புறம் வகுப்பே சந்தைக்கடை. நான் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. இப்படி விடுவது சரியா? போர்ஷன் வேறு கிடக்கிறது.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

விட்டது சரிதான். ஆனால் அடுத்த வகுப்பை அந்தப் பெண்ணின் கேள்வியில் தொடங்குங்கள். பையன் சொன்னது புத்தகப் பதில். "மறைப்புதான் காரணம்னா, கணவாய்க்கு நேரே மழை கொட்டணுமே, கொட்டுதா?" என்று அவனிடமே கேளுங்கள். மலை காற்றை மேலே ஏற்றுகிறது. ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது, ஆவி துளியாகிறது. கணவாயில் அப்படி ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. காற்று ஈரத்தோடே நுழைந்து உடுமலைப் பக்கம் காற்றாலை சுற்றப் போய்விடுகிறது. இதை முதல் நாளே சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

எல்லாப் பதிலுக்கும் 'வெரி குட்' போடுவதும் எனக்குப் பிடிக்காது. "நீ சொல்றது சரின்னா வேற என்ன நடக்கணும்?" என்று கேட்டால்தான் பதில் தேறுமா என்று தெரியும்.

மழையை அளக்கச் சொல்லுங்கள். ஒருத்தி பால்பவுடர் டப்பா வைப்பாள், ஒருவன் வாளி வைப்பான், வாளியில்தான் நிறைய என்பான். சுவர் நேராக நிற்கும் டப்பாவில், வாய் எவ்வளவு அகலமானாலும் தண்ணீரின் உயரம் ஒன்றுதான். அடி சிறுத்த வாளியில் உயரம் கூடும். ஸ்கேலை வைத்து அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதற்கே ஒரு பீரியட் போகும், போகட்டும்.

போர்ஷன் சங்கடம் நியாயமானது. மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் தொடங்கிய ஹோஷங்காபாத் பள்ளி அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பரீட்சையையே மாற்றினார்கள். பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதினார்கள். 2002-ல் அரசு அதை நிறுத்திவிட்டது. உங்கள் பரீட்சை மாறப்போவதில்லை. அதனால் பாடத்துக்கு ஒரு கேள்வி போதும், மீதியை வழக்கம்போல நடத்துங்கள்.

டப்பாவை மரத்தடியில் வைக்க விடாதீர்கள். உங்கள் ஊர்க் காற்றுக்குச் சுற்றிலும் கல் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும்.