உடைந்த ஸ்கெக்: வெல்டிங்கா, உறையா?

வணக்கம். படகு மோட்டார் பாறையில் இடித்து, அதன் ஸ்கெக்கின் (புரொப்பல்லருக்குக் கீழே துடுப்பு போல நீட்டியிருக்கும் அலுமினியத் தகட்டின்) அடிப்பகுதி இரண்டு அங்குலம் உடைந்துவிட்டதாகவும், வெல்டிங் செய்வதா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை மாட்டுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் கியர் ஆயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். அது பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் புரொப்பல்லரைக் கையால் சுழற்றி, ஷாஃப்ட்டின் நுனி ஆடுகிறதா என்றும் கவனியுங்கள். இவை சரியாக இருந்தால், உங்கள் அளவு சேதத்துக்கு உறையே போதும் என்பது என் கருத்து. வெல்டிங்தான் வேண்டுமென்றால், அலுமினியத்தில் டிக் (TIG, டங்ஸ்டன் முனையால் வாயுப் பாதுகாப்பில் செய்யும்) வெல்டிங் பழகிய கைகளிடம் மட்டும் கொடுங்கள். சூடு மேலேறினால் ஆயில் சீல்கள் கருகிவிடும். உப்புநீரில் ஸ்டீலும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியமே அரிக்கப்படும் என்பதால், உறை மாட்டுமுன் பெயிண்ட் உரிந்த இடங்களுக்கு எல்லாம், போல்ட்டுக்காகப் போடும் துளைகளின் உள்விளிம்பு உட்பட, பிரைமரும் பெயிண்டும் அடித்து நன்றாகக் காயவிடுங்கள்.