இரட்டையர் என்றால் பேச்சு தாமதம்தானா?

கேள்வி: எங்கள் இரட்டை ஆண் குழந்தைகளுக்கு இரண்டே கால் வயது. 34-வது வாரத்தில் பிறந்தவர்கள். ஒருவன் முப்பது சொற்கள் வரை சொல்கிறான், இன்னொருவனுக்கு ஐந்தாறுதான். இருவரும் தமக்குள் ஏதோ ஒரு பாஷை பேசிக்கொள்கிறார்கள். ஒரு பயிற்சி மையத்தில், நாக்கின் அடியில் வெட்டிவிட்டு ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முதலில் இருவருக்கும் செவித்திறன் பரிசோதனை. அதைக் கேட்காமலே கத்தியைப் பற்றிப் பேசும் இடத்துக்கு மறுபடி போகவே வேண்டாம். நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருந்தால் சில ஒலிகள் தடுமாறலாம். சொற்களே வராததற்கு அது காரணமல்ல. வெட்டினால் நாக்கு நன்றாக நீளும், சொல் நீளாது. அப்புறம் அந்த ஒரு வருடக் கணக்கு! குழந்தையைச் சோதிப்பதற்கு முன்பே எத்தனை மாதம் ஆகும் என்று எப்படித் தெரிந்தது?

'ரெட்டைப் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும், மூன்று வயது வரை பாருங்கள்' என்று மருத்துவர்களே சொல்லி அனுப்புகிறார்கள். பாதி உண்மை. பெரியவர்களின் பேச்சு இருவருக்கும் பங்காகிறது, பலர் குறைமாதத்தில் பிறக்கிறார்கள். அதனால் சராசரியாகச் சில மாதங்கள் பின்தங்கலாம். ஆனால் காத்திருந்துவிட்டுப் பேச்சுப் பயிற்சிக்குப் போனால், அங்கே இன்னொரு காத்திருப்புப் பட்டியல் இருக்கலாம்.

குறைமாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், அதாவது முன்கூட்டிப் பிறந்த வாரங்களை வயதிலிருந்து கழியுங்கள். நிறைமாதம் 40 வாரம், அதில் 34 போனால் ஆறு வாரம். இருபத்தேழு மாதத்தில் அதைக் கழித்தாலும் இரண்டு வயது தாண்டிவிட்டது. 28-வது வாரத்தில் பிறந்திருந்தால் பன்னிரண்டு வாரம் கழியும். இப்போதுதான் இரண்டு முடிந்திருக்கும், நானும் கொஞ்சம் பொறுமையாகப் பேசியிருப்பேன். உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்களும், 'பால் வேணும்' போல இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் வர வேண்டும்.

சொற்களை ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாக எண்ணுங்கள். அண்ணன் சொன்னதைத் தம்பி கணக்கிலும் சேர்த்துவிடும் பெற்றோர் நிறையப் பேர். நாயைப் பார்த்து எப்போதும் 'பௌ பௌ' என்றால் அதுவும் ஒரு சொல்தான்.

அந்தத் தனி பாஷைக்குப் பயப்பட வேண்டாம். ஒருவனின் மழலையை மற்றவன் பிடித்துக்கொள்வதுதான் பெரும்பாலும் நடப்பது. பேச்சு வளர வளர மறையும். அதற்காகப் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள். தினமும் கொஞ்ச நேரம் ஒவ்வொருவனோடும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். ஒருவனைக் கேட்டால் மற்றவன் பதில் சொல்ல விடாதீர்கள்.

பரிசோதனை அறிக்கையை இருவருக்கும் தனித்தனித் தாளில் கேட்டு வாங்குங்கள். 'இருவரும் நார்மல்' என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.