பிளாஸ்மாவில் மெட்ஃபார்மின் அளப்பது: கேள்வி பதில்

கேள்வி: ரத்தத்தின் அணுக்கள் நீங்கிய திரவமான பிளாஸ்மாவில், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தைக் குரோமடோகிராஃபில் (கலவையைக் குழலில் ஓட்டிப் பிரிக்கும் கருவி) அளக்கிறேன். சி18 குழலில் (எண்ணெய்த்தன்மை உள்ளதைப் பிடித்துவைப்பது) அதன் பீக் (வரைபடத்தில் தெரியும் முகடு) முதல் நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. சீக்கிரம் முடிவது நல்லதுதானே?

பதில்: இல்லை. சி18-இல் தங்காமல் ஓடிவிடும் யூராசிலைச் செலுத்திப் பாருங்கள், அதுவும் அதே நேரத்தில் வந்தால் உங்கள் மருந்து குழலில் தங்கவே இல்லை என்று அர்த்தம். மெட்ஃபார்மின் நீரில் எளிதாகக் கரைகிற பலமான காரம், பிளாஸ்மாவின் உப்பும் மற்ற குப்பையும் வெளியேறும் அதே நேரத்தில் அதுவும் ஓடிவிடும். நீரில் கரைபவற்றைப் பிடித்துவைக்கும் ஹிலிக் குழலுக்கு மாறுங்கள், அம்மோனியம் ஃபார்மேட் பஃபர் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) கட்டாயம், இல்லாவிட்டால் பீக்கின் பின்பக்கம் வால்போல் நீளும். பிளாஸ்மாவோடு மூன்று மடங்கு அசிட்டோநைட்ரைல் சேர்த்துப் புரதத்தை வீழ்த்தி, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, மேலே தெளிந்ததை அப்படியே செலுத்தலாம். அதை உலர்த்தித் தண்ணீரில் கரைத்தால் ஹிலிக்கில் பீக் சிதைந்துவிடும். எதற்கும் முன்னால் மருந்து கலக்காத வெற்று பிளாஸ்மாவை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சர்க்கரை நோய் மருந்துக்கும் ஹிலிக் வேண்டுமா?

பதில்: வேண்டாம், சி18 போதும். மாஸ் ஸ்பெக்கில் (அயனிகளை நிறையால் பிரித்து அளக்கும் கருவி) 408 நிறையுள்ள அயனி உடைந்து 235 ஆவதை அளங்கள்.

கேள்வி: எஸ்டிஎஸ் (சோப்பு போன்ற உப்பு) கலந்த மொபைல் ஃபேஸில் (குழல் வழியே ஓடும் திரவம்) மெட்ஃபார்மின் சி18-லேயே நன்றாகத் தங்குகிறதே?

பதில்: யுவி டிடெக்டர் (புற ஊதா ஒளி உறிஞ்சப்படுவதை அளப்பது) என்றால் தாராளமாகச் செய்யுங்கள், 235 நானோமீட்டர் பக்கம் நல்ல சிக்னல் வரும். ஆனால் அதே மொபைல் ஃபேஸை மாஸ் ஸ்பெக்குக்குள் விட்டுவிடாதீர்கள், சிக்னலை அமுக்கிவிடும், கழுவிக் கழுவியும் லேசில் போகாது.

கேள்வி: இன்டர்னல் ஸ்டாண்டர்டாக (ஒப்பிட்டுப் பார்க்க எல்லா மாதிரியிலும் ஒரே அளவு சேர்க்கும் பொருள்) அட்டெனோலால் போதாதா? டி6 மெட்ஃபார்மின் (ஆறு ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள மெட்ஃபார்மின்) வீண் செலவு.

பதில்: மாஸ் ஸ்பெக்கில் போதாது. பிளாஸ்மாவில் உள்ள பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு சிக்னலை அமுக்கும்போது டி6-உம் மெட்ஃபார்மினும் ஒரே நேரத்தில் வருவதால் இரண்டும் சேர்ந்தே அமுங்கும், விகிதம் மாறாது. அட்டெனோலால் வேறு நேரத்தில் வருகிறது, அதற்கு நேர்வது வேறு.

கேள்வி (அவரே): என் க்யூசி (மருந்தின் அளவு தெரிந்த சோதனை மாதிரிகள்) எல்லாம் உண்மை அளவிலிருந்து 4 சதவீதத்துக்குள் தேறியதே!

பதில்: காலிபரேஷனும் (சிக்னலை அளவாக மாற்றும் கோடு) க்யூசியும் ஒரே பிளாஸ்மாவில் செய்திருப்பீர்கள். இரண்டிலும் ஒரே அளவு அமுங்கினால் பிழை எப்படித் தெரியும்? 2022-இல் வந்த ஐசிஹெச் எம்10 (மருந்தை அளக்கும் முறைகளைச் சரிபார்க்கும் சர்வதேச வழிகாட்டி) குறைந்தது 6 பேரின் பிளாஸ்மாவில், தாழ்ந்த க்யூசியையும் உயர்ந்த க்யூசியையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறது, ஒவ்வொன்றும் 15 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அப்புறம் இன்னொன்று, உங்கள் மாதிரிகள் நோயாளிகளுடையவை என்றால் அவர்களில் சிலர் ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலாலே விழுங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த மாதிரியில் இன்டர்னல் ஸ்டாண்டர்டு கூடித் தெரியும், மருந்து குறைந்து தெரியும்.

கேள்வி (அவரே): யுவியில் செய்தால்?

பதில்: இந்த அமுங்கல் சிக்கல் அங்கே இல்லை. அட்டெனோலால் சாப்பிடாத தன்னார்வலர்கள் என்றால் உங்கள் முறையை ஏற்கிறேன்.

கேள்வி: சி18-இல் பீக் சீக்கிரம் வருகிறது, என்ன செய்ய?

பதில்: முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன், அதைப் படியுங்கள். வெற்று பிளாஸ்மாவையும் ஓட்டுங்கள்.

கேள்வி: அப்பாவின் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளந்து மாத்திரையைக் கூட்டலாமா?

பதில்: கூடாது. மாத்திரை அளவை மருத்துவர் சர்க்கரையையும் சிறுநீரகத்தையும் பார்த்து முடிவு செய்வார், அவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பிளாஸ்மாவுக்குப் பதில் முழு ரத்தத்தில் அளந்தால் அதே எண் வருமா?

பதில்: வராது. மெட்ஃபார்மின் சிவப்பணுக்களுக்குள்ளும் போய்த் தங்குகிறது, பிளாஸ்மாவில் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 6 மணி, முழு ரத்தத்தில் சுமார் 17 மணி. அதனால் ரத்தம் எடுத்ததும் தாமதிக்காமல் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: மாதிரியில் மருந்து கெடாமல் இருக்கிறதா என்று அறிய, எத்தனை முறை உறைய வைத்து உருக்கிப் பார்க்க வேண்டும்?

பதில்: குறைந்தது மூன்று.