வாசகர் கேள்வி-பதில்: காகிதத்தில் கட்டம், துணியில் கோணல்

கேள்வி: மூன்று நிற முக்கோணங்களை ஸ்கிரீன் பிரிண்ட் செய்கிறேன். காகிதத்தில் கச்சிதமாக விழுகிறது. அதே டிசைன் துணியில் வரும்போது நிறங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு தெரிகிறது. ஏன்?

பதில்: துணி காகிதம் போல அடங்கிக் கிடக்காது. ஸ்கீஜி (மையை இழுக்கும் ரப்பர் பட்டை) இழுக்கும் பக்கம் நகரும், ஈரம் பட்டால் சுருங்கும். பூ டிசைனில் அரை மி.மீ. விலகினால் யாருக்கும் தெரியாது, நேர்க்கோட்டில் பல்லிளித்துவிடும்.

முதலில், துணியைப் பசை தடவிய மேசையில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். குண்டூசி குத்தினால் போதாது. அடுத்து, வெளிர் நிறத்தின் ஃபிலிமை (ஸ்கிரீனில் டிசைனைப் பதிக்கும் தாள்) ஓரங்களில் 1 மி.மீ. பெரிதாக்கி அதை முதலில் அச்சிடுங்கள். அடர் நிறம் அதன்மேல் ஏறி விளிம்பை மூடும். காகிதத்துக்கு 0.3 முதல் 0.5 மி.மீ. போதும். ஒரு சிக்கல் உண்டு: மஞ்சள்மேல் நீலம் ஏறும் இடத்தில் பச்சைக் கோடு எட்டிப்பார்க்கும். அங்கே ஒளி ஊடுருவாத பிக்மென்ட் மை வேண்டும், இல்லையென்றால் 3 மி.மீ. இடைவெளியை டிசைனிலேயே விட்டுவிடுங்கள். அரைகுறையாக மறைப்பதைவிட இதுவே அழகு.

மெஷ், அதாவது ஸ்கிரீனின் வலை, செ.மீ.க்கு 43 இழை துணிக்கு, 90 காகிதத்துக்கு. மாற்றிப் போட்டால் துணியில் மை பற்றாது, காகிதத்தில் கூர்முனை மழுங்கும்.

கேள்வி: 1965-இல் ஈவ் செயின்ட் லாரன்ட் செய்த மோந்திரியான் கவுன் (ஓவியர் மோந்திரியானின் நிறக் கட்டங்களைப் போன்றது) அச்சிட்ட துணியா?

பதில்: இல்லை. கம்பளி ஜெர்சித் துண்டுகளை நிறம் நிறமாக வெட்டி இணைத்தது. உடல் வளைவுக்கான வடிவமைப்பைக் கட்டங்களின் தையலுக்குள்ளேயே ஒளித்துவிட்டார்கள். அச்சிட்ட துணியில் டார்ட் (உடலோடு பொருந்தப் பிடிக்கும் மடிப்புத் தையல்) பிடித்திருந்தால் கோடு அந்த இடத்தில் ஒடிந்திருக்கும். துணியிலேயே அச்சிட்ட வடிவியலைப் பார்க்க 1923-24-க்குப் போங்கள்: மாஸ்கோவின் அரசு பருத்தி அச்சு ஆலைக்காக ரஷ்ய ஓவியர்கள் ஸ்டெபனோவாவும் போப்போவாவும் காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைந்தவை.

கேள்வி: நான் அச்சிட்ட வட்டங்கள் துவைத்ததும் முட்டையாகின்றன.

பதில்: பாவும் (நீளவாக்கு இழை) ஊடும் (குறுக்கிழை) ஒரே அளவில் சுருங்குவதில்லை. பாவில் 5%, ஊடில் 2% சுருங்கினால் 100 மி.மீ. வட்டம் 95-க்கு 98 ஆகும். அச்சிடுவதற்கு முன் துணியை வெந்நீரில் துவைத்து, உலர்த்தி, இழை நேராக இஸ்திரி போடுங்கள். அச்சிட்டபின் பைண்டர் (நிறத்தைத் துணியோடு ஒட்டவைக்கும் பொருள்) பிடிக்க 150 டிகிரி செல்சியஸில் 3 முதல் 5 நிமிடம் சூடு வேண்டும். வெட்டும்போது இடது, வலது முன்பாகங்களைத் துணியை மடித்து ஒன்றாக வெட்டாதீர்கள். ஒன்றை வெட்டி, கோட்டின்மேல் கோடு பொருத்தி மற்றதை வெட்டுங்கள். துணி கூடுதலாகத்தான் பிடிக்கும்: ஒவ்வொரு பெரிய பாகத்துக்கும் ஒரு ரிப்பீட் (டிசைன் ஒருமுறை முழுதாக வரும் அளவு) நீளம் சேர்த்து வாங்குங்கள்.