பொறுப்பாளர் பதவிக்கு எந்த முதுமாணி? கேள்வி பதில்

சிறுவர் இல்லம், முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் நிலையம், உளசமூகத் திட்டம் போன்றவற்றில் பொறுப்பான பதவிக்குப் போக விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. யாழ்ப்பாணத்தில் அப்படியொரு நிலையத்தை நடத்தியவள், இப்போது களப்பயிற்சி மாணவர்களைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற அளவில் பதில் சொல்கிறேன்.

கொக்குவிலில் இருந்து: அக்கா, நான் சமூகவியல் பட்டதாரி. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். வியாபார நிர்வாகத்தில் முதுமாணி செய்யவா, சமூகப்பணியில் செய்யவா?

எந்த வேலைக்குப் போகப்போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள் தங்கச்சி. ஒரு சிறுவர் இல்லப் பொறுப்பாளரின் காலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். நன்னடத்தை உத்தியோகத்தர் நீதிமன்றக் கட்டளையோடு ஒரு பிள்ளையைக் கூட்டி வருகிறார். இரவுப் பராமரிப்பாளர் வேலையை விட்டுவிட்டார். கொடையாளருக்குக் காலாண்டுக் கணக்குப் போகவேண்டும். வியாபார நிர்வாகம் படித்தவர் கணக்கை முடித்துவிடுவார், பிள்ளையிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்பார். சமூகப்பணி மட்டும் படித்தவர் பிள்ளையைச் சமாளித்துவிடுவார், கணக்காய்வாளர் வருகிறார் என்றால் லீவு போடுவார்.

ஆகவே பட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். வரவுசெலவு, பணியாளர் மேற்பார்வை, சமூக நலச் சட்டங்கள், களப்பயிற்சி ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். களப்பயிற்சி இல்லாத படிப்பு எனக்கு உடன்பாடில்லை.

சமூகப்பணிக்கென்றே உள்ள அரச நிறுவனம் சீதுவையில் இருக்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். 1952 இல் கொழும்பில் தொடங்கிய பயிற்சியின் தொடர்ச்சி அது. இளமாணி 2005 இலும் முதுமாணி 2008 இலும் வந்தன. ஊரில் இருந்தபடி படிக்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உயர் பட்டப் படிப்புகள் பீடத்திலும் திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்திலும் இந்த ஆண்டு எந்தக் கற்கைநெறிகளுக்கு விண்ணப்பம் கோருகிறார்கள் என்று நேரில் போய் விசாரியுங்கள்.

கிளிநொச்சியில் இருந்து: பணியாளர் மேற்பார்வை என்றால் வரவு இடாப்பைப் பார்ப்பதுதானே? அதில் படிக்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். மேற்பார்வைக்கு நிர்வாகம், கற்பித்தல், ஆதரவு என்று மூன்று பக்கங்கள் உண்டென்று சமூகப்பணித் துறையில் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். நம்மிடம் நடப்பது பெரும்பாலும் முதலாவது மட்டும்தான். கணவனிடம் அடிபட்ட ஒரு பெண்ணின் கதையைக் காலை முழுவதும் கேட்டுவிட்டு வரும் இளம் உத்தியோகத்தரிடம், "படிவத்தை நிரப்பிவிட்டீர்களா?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறோம்.

பாதுகாப்புக் கட்டளை பெற 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் உத்தியோகத்தர் சொன்னாரா? சொல்லத் தயங்கினார் என்றால் ஏன்? கேட்ட கதை அவரைத் தூங்கவிடுகிறதா? இவற்றைப் பேசுவதற்குக் குறித்த நாளில் குறித்த நேரம் வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், பொறுப்பாளரின் கைபேசி அணைந்திருக்க வேண்டும். இதைச் செய்யாத நிறுவனத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் நிலைப்பதில்லை. வங்கிக்கோ கனடாவுக்கோ போய்விடுகிறார்கள். நிர்வாக சபையோ சம்பளம் போதவில்லை என்று தீர்மானம் எழுதுகிறது. சம்பளம் போதாதது உண்மைதான், ஆனால் அது பாதிக் கதை.

சாவகச்சேரியில் இருந்து: ஒரு முதுமாணிக்கு 30 கிரெடிட், இன்னொன்றுக்கு 60 என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

கிரெடிட் என்பது படிப்பின் அளவைக் காட்டும் அலகு. நம் நாட்டுப் பட்டங்களை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 30 கிரெடிட் முதுமாணி 9 ஆம் மட்டம், பாடங்களோடு முடிவது. 60 கிரெடிட் உள்ளது 10 ஆம் மட்டம், அதில் குறைந்தது 15 கிரெடிட் ஆய்வுக்கு. பிறகு கலாநிதிப் படிப்புக்கோ விரிவுரையாளர் வேலைக்கோ எண்ணம் இருந்தால் 60 ஐ எடுங்கள். இல்லம் நடத்தத்தான் என்றால் 30 போதும்.

பருத்தித்துறையில் இருந்து: ஆங்கிலம்தான் பயம், அக்கா.

நம் நாட்டுச் சட்டங்கள் மூன்று மொழியிலும் அச்சாகின்றன. மேலே சொன்ன வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரிவு பிரிவாக வாசியுங்கள். துறைச் சொற்கள் தானாக வந்துவிடும், சட்டமும் மனத்தில் நிற்கும்.

டொரொண்டோவில் இருந்து: யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கைக்கு இணையவழி அமெரிக்க மனித சேவைத் தலைமைத்துவ முதுமாணிக்குப் பணம் கட்ட நினைக்கிறேன். சரியா?

கட்டுவதற்கு முன் இரண்டு விசாரணை செய்யுங்கள் தம்பி. அமெரிக்காவில் சமூகப்பணி முதுமாணி வேறு, மனித சேவை முதுமாணி வேறு. முதலாவதைச் சமூகப்பணிக் கல்விச் சபை அங்கீகரிக்கிறது. அதற்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம், சமூகப்பணி உரிமப் பரீட்சைக்கும் அதுதான் வழி. இரண்டாவது நிர்வாகப் படிப்பு. தங்கை நாளைக்கு அமெரிக்காவுக்குப் போய்ச் சமூகப்பணியாளராகப் பதிய நினைத்தால் அது உதவாது. இங்கேயே இருக்கப்போகிறார் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவர் வாயால் சொல்வது கணக்கில் வராது.

மானிப்பாயில் இருந்து: முதுமாணி முடித்தால் சம்பளம் கூடுமா?

அரச உத்தியோகம் என்றால் உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பை, அதாவது உங்கள் பதவிக்கான நியமன, பதவியுயர்வு விதிகளை, எடுத்து வாசியுங்கள். தனியார் தொண்டு நிறுவனம் என்றால் கேட்டால்தான் கூடும்.

வவுனியாவில் இருந்து: ஆய்வுக்கு, பெண் தலைமைதாங்கும் குடும்பங்களின் பிரச்சினைகள் என்று தலைப்பு எடுத்திருக்கிறேன்.

தயவுசெய்து மாற்றுங்கள். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் அந்த அம்மாமார் 2009 க்குப் பிறகு எத்தனையோ வினாக்கொத்துகளுக்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டார்கள். ஆய்வேடு நூலகத்துக்குப் போகிறது, அவர்களின் கூரை அப்படியே இருக்கிறது. தலைமைப் பதவிக்குப் படிக்கிறவர் நிறுவனங்களை ஆராய வேண்டும். ஒரு பிள்ளையின் கோப்பு பிரதேச செயலகத்துக்கும் நன்னடத்தைத் திணைக்களத்துக்கும் இடையில் எங்கே தங்கிவிடுகிறது? ஓர் உத்தியோகத்தரின் தலையில் எத்தனை குடும்பங்கள்? இதற்குக் கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள். அவர்கள் எளிதில் பேசமாட்டார்கள் என்பதால்தான் எல்லோரும் அந்த அம்மாமாரிடம் போகிறார்கள்.

நெல்லியடியில் இருந்து: பிரித்தானியாவின் சீவனிங் புலமைப்பரிசிலுக்கு என்ன தயார் செய்ய வேண்டும்?

பட்டத்தோடு குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம். தொண்டர் வேலையும் சேரும். படித்து முடித்ததும் குறைந்தது இரண்டு வருடம் நாடு திரும்பி இருக்க வேண்டும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் சம்பளமில்லாமல் வேலை செய்த இடங்களில் மணிக்கணக்கோடு கடிதம் எடுத்து வைப்பது நல்லது. திட்டம் முடிந்து அலுவலகத்தைப் பூட்டிவிட்டால் கையொப்பம் வைக்க ஆள் இருக்காது.