காடையும் நாட்டுக்கோழியும்: கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காடையைப் பற்றியவை. கேட்டவர்கள் எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே கோழி நிற்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசிவிடலாம்.

*டாக்டரம்மா, எங்களிடம் சிறுவிடைக் கோழி பன்னிரண்டு இருக்கின்றன. வீட்டுக்காரர் முப்பது காடை வாங்கி வந்துவிட்டார். கோழிக்கூட்டில் இடம் நிறையக் கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக அடைக்கலாமா?*
*- உச்சிப்புளி வாசகி*

வேண்டாம் அம்மா. ஒரே முற்றத்தில் இருக்கட்டும், ஒரே கூட்டில் வேண்டாம்.

வளர்ந்த காடை 200 கிராம் இருக்கும். உங்கள் கோழி ஒரு கிலோவுக்குக் குறையாது. இருட்டியதும் இடத்துக்குச் சண்டை வந்தால் அடி வாங்குவது காடைதான். தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் காலையில் கூட்டைத் திறந்தபோது நானே பக்கத்தில் இருந்தேன். ஒரு காடை மூலையில் தலையைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. உச்சந்தலைத் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. ஒரே இரவில் நடந்தது அது.

கொத்துவதையாவது கண்ணால் பார்த்துப் பிரித்துவிடலாம். எனக்குப் பெரிய பயம் நோய்தான். கோழிக்குக் கொரைசா என்று ஒரு சளி நோய் வரும். முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூக்கில் சளி வடியும். கிட்டப் போனால் கெட்ட வாடை அடிக்கும். பத்து நாளில் பல கோழிகள் தேறிவிடும், நாமும் மறந்துவிடுவோம். ஆனால் தேறிய கோழி கிருமியைச் சுமந்துகொண்டேதான் திரியும். அது குடித்த தண்ணீரைக் காடை குடித்தால் காடைக்கும் வந்துவிடும். என் வீட்டில் இப்படித்தான் ஆனது. சளி பிடித்துத் தேறிய ஒரு வெடைக்கோழியை, நல்லாத்தானே இருக்கிறது என்று காடைக் கூண்டுக்கு அடியில் மேயவிட்டேன். இரண்டு வாரத்தில் பதினொரு காடைகளை எடுத்துப் புதைத்தேன். படித்த எனக்கே அந்தக் கவனக்குறைவு வந்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இது காடைக்கு மட்டுமான ஆபத்தும் இல்லை. காடைகளுக்குக் குடல்புண் நோய் ஒன்று உண்டு. அது எச்சம் வழியாக, ஈ வழியாகக் கோழிக்கும் வரலாம். அந்தக் கிருமி மண்ணில் நெடுநாள் கிடக்கும். காடை எச்சத்தை அள்ளிக் கோழி கிளறும் இடத்தில் கொட்டாதீர்கள். குழி வெட்டி, மேலே மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள்.

சரி, எங்கே வைப்பது? நம் ராமநாதபுரம் பக்கம் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்தும் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். கோழிக்கூடும் காடைக்கூண்டும் அந்த நேர்கோட்டில் இருந்தால், ஒரு பருவம் இல்லாவிட்டால் மறுபருவம் ஒன்றின் தூசி மற்றதன் மேல் விழுந்துகொண்டே இருக்கும். அதனால் கோழிக்கூட்டுக்கு வடமேற்கிலோ தென்கிழக்கிலோ, பத்துப் பதினைந்து அடி தள்ளி வையுங்கள். நடுவில் வீட்டுச் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. நாலு அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி உயரக் கூண்டில் ஐம்பது வளர்ந்த காடை வளர்க்கலாம் என்பது கணக்கு. நம் வெயிலுக்கு நாற்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உங்கள் முப்பதுக்கு அது தாராளம். காடை மிரண்டால் நேரே மேலே எவ்வும், கம்பியில் தலை இடிக்கும். கூண்டின் மேற்பக்கம் உள்ளே ஒரு சாக்கைக் கட்டிவிடுங்கள்.

காலையில் முதலில் காடைக்குத் தீனியும் தண்ணீரும் வையுங்கள், அப்புறம் கோழியைத் திறந்துவிடுங்கள். கோழியிடம் போய்விட்டுக் காடையிடம் வருவதாக இருந்தால் கையைக் கழுவிவிட்டு, செருப்பை மாற்றிக்கொண்டு வாருங்கள். இரண்டுக்கும் வாளியும் சொம்பும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

*எங்கள் ஊரில் போர்த் தண்ணீர் உப்பு. கோழிகள் அதைத்தான் குடிக்கின்றன, ஒன்றும் ஆகவில்லை. காடைக்குஞ்சுகள் மட்டும் தண்ணீராகக் கழிந்து, ஒவ்வொன்றாகச் சாகின்றன. எதனால்?*
*- வாலிநோக்கம் வாசகர்*

தண்ணீர்தான் முதல் சந்தேகம். பொரித்த காடைக்குஞ்சு எட்டு கிராம் இருந்தால் அதிகம். அவ்வளவு சின்ன உடம்பின் சிறுநீரகம் உப்பை வெளியேற்றித் தாங்காது. மேய்கிற கோழி குழியில் தேங்கிய மழைத்தண்ணீரைக் குடிக்கும், குழாயடியில் சிந்தியதைக் குடிக்கும். கூண்டில் இருக்கிற குஞ்சுக்கு நீங்கள் ஊற்றுவதுதான் தண்ணீர்.

வாயில் விட்டுப் பாருங்கள். உங்களால் குடிக்க முடியாத தண்ணீரைக் குஞ்சுக்கு வைக்கக் கூடாது. உப்பை அளக்கும் சின்ன மீட்டர் இருந்தால், ஆயிரம் பி.பி.எம்.முக்குள் இருப்பது நல்லது. மூவாயிரத்தைத் தாண்டினால் எந்தக் காடைக்கும் கொடுக்காதீர்கள். காவிரிக் குடிநீரை விலைக்கு வாங்கிப் பறவைக்கு ஊற்றுவதா என்று கேட்பீர்கள். இருபது வளர்ந்த காடைக்கு ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் போதும் தம்பி. ஒரு குடம் பத்து நாளைக்கு வரும். குஞ்சுக்கு அவ்வளவுகூடத் தேவைப்படாது. ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுக் கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் மூடி வைத்திருந்தால் அதுவும் நல்லதே.

உப்பு இன்னொரு வழியாகவும் வரும். கருவாட்டுக் கழிவை இடித்துத் தீனியில் கலக்கிறீர்களா? கலந்தால் இன்றோடு நிறுத்துங்கள். உப்புப் போடாமல் காய்ந்த மீன் வேறு, கருவாடு வேறு.

நல்ல தண்ணீர் வைத்த பிறகும் செத்தால் தட்டைப் பாருங்கள். விரல் ஆழத் தண்ணீரில் காடைக்குஞ்சு விழுந்து செத்துப்போகும். முதல் வாரம் முழுக்கத் தட்டில் கூழாங்கல்லையோ கோலிக்குண்டையோ நிரப்பி, இடுக்கில் இருப்பதைக் குடிக்கவிடுங்கள்.

*கோழிக்கு வாங்கும் தீவனத்தையே காடைக்கும் போடலாமா? இரண்டு மூட்டை வாங்க வசதி இல்லை.*
*- தேவிபட்டினம் வாசகர்*

குஞ்சுக்குப் போடாதீர்கள். முதல் மூன்று வாரம் காடைக்குஞ்சுக்கு 24 முதல் 27 சதவீதம் புரதம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் அது கிடைக்காது. அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் குஞ்சுக்கு மிக அதிகம். காடைத் தீவனம் கிடைக்காவிட்டால் கறிக்கோழிக் குஞ்சுகளுக்கான பிரீ-ஸ்டார்ட்டர் என்ற முதல் தீவனத்தை வாங்கி, மிக்சியில் ஒரு சுற்று விட்டு, ரவைப் பதத்தில் போடுங்கள். ஐந்து வாரம் வரை ஒரு காடை தின்பது அரைக் கிலோதான். மூட்டையாக வாங்க வேண்டியதே இல்லை, சில்லறையில் கேளுங்கள். முட்டையிடத் தொடங்கிய பிறகு முட்டைக்கோழித் தீவனம் போட்டுச் சமாளிக்கலாம்.

முட்டை ஓடு மெலிந்தால் கரையில் கிடக்கும் கணவாய் ஓட்டையோ சிப்பியையோ எடுத்து வந்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து உப்பைப் போக்கி, காயவைத்து இடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதை அதுவே பொறுக்கிக்கொள்ளும்.

*காடை அடை உட்காருமா? இல்லை, கோழிக்கு அடை வைக்கலாமா?*
*- தொண்டி வாசகி*

பண்ணைக் காடை அடை உட்காராது. தலைமுறை தலைமுறையாக இன்குபேட்டரில் பொரித்ததில் அந்தக் குணமே போய்விட்டது. சிறுவிடைக் கோழி கனம் குறைவு என்பதால் அதற்கு வைத்துப் பார்க்கலாம். காடை முட்டை பத்துப் பன்னிரண்டு கிராம், ஓடு மெல்லியது. கனமான பெருவிடைக் கோழியின் கீழ் வைத்தால் பாதி உடைந்துவிடும். 17, 18 நாளில் பொரிக்கும். கோழி முட்டையோடு கலந்து வைக்காதீர்கள். காடைக்குஞ்சு வெளியே வந்ததும் தாய் எழுந்துவிடும், 21 நாள் ஆக வேண்டிய முட்டைகள் வீணாகும்.

பொரித்த குஞ்சை உடனே எடுத்துப் பல்ப் போட்ட பெட்டிக்கு மாற்றுங்கள், தாய்க்கோழி மிதித்தே கொன்றுவிடும். நோய்ப் பயமும் இருக்கிறது. முதல் வாரம் 37 டிகிரி சூடு தேவை, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறையுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சைப் பாருங்கள். பல்புக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்தில் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். கீழே செய்தித்தாள் விரிக்காதீர்கள், வழுக்கிக் கால் அகன்றுவிடும். சாக்கை விரியுங்கள்.

*பிப்ரவரியில் கோழிக்குக் கழிச்சல் ஊசி போட வருவார்கள். காடைக்கும் போட வேண்டுமா?*
*- பெரியபட்டினம் வாசகர்*

காடைக்கு வழக்கமாகப் போடுவதில்லை, வெள்ளைக்கழிச்சலை அது ஓரளவு தாங்கும். ஆனால் தனக்கு ஒன்றும் ஆகாமலேயே கிருமியைப் பரப்பும். அதனால் காடை வைத்திருக்கிற வீட்டில் எட்டு வாரம் தாண்டிய ஒரு கோழியைக்கூட ஊசி போடாமல் விடக்கூடாது.

*காடை முட்டை தின்றால் பிள்ளையின் ஆஸ்துமா குணமாகும் என்கிறார்கள், உண்மையா?*
*- கீழக்கரை வாசகி*

இல்லை அம்மா. நல்ல சத்துள்ள முட்டை, அவ்வளவுதான். மருத்துவர் கொடுத்த மருந்தை எந்தக் காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். கோழி முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் காடை முட்டையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

*கருவேலங்காட்டில் விறகு வெட்டும்போது நாலு கௌதாரிக் குஞ்சுகள் கிடைத்தன. காடைக் குஞ்சுகளோடு சேர்த்து வளர்க்கலாமா மேடம்?*
*- சாயல்குடி வாசகர்*

வளர்க்கக் கூடாது தம்பி. நாம் வளர்க்கும் காடை ஜப்பானிய இனம், 1974-இல் வளர்ப்புக்கென்றே நம் நாட்டுக்கு வந்தது. காட்டுக் காடையும் கௌதாரியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். உங்கள் காடைக்கும் காட்டிலிருந்து என்ன நோய் வரும் என்று தெரியாது.

இந்தப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் உங்களுக்கு உடனே போனில் சொன்னேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். குஞ்சுகளை எடுத்த அதே புதரடியில், வெயில் இறங்கியதும் கொண்டுபோய் வைத்துவிட்டு, கூட நாய் வந்திருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய்விடுங்கள். தாய் பக்கத்தில்தான் பதுங்கியிருக்கும். ஆள் நடமாட்டம் நின்றதும் அது கூப்பிடும், குஞ்சுகள் குரல் கேட்டுப் போய்ச் சேர்ந்துகொள்ளும்.