கம்பிச் சடக்கில் ஒரு வேலை: வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பாதி கம்பிச் சடக்கில், அதாவது ரயில் பாதையில், ரயில் ஓட்டும் வேலையைப் பற்றியே கேட்கின்றன. பல ஆண்டுகள் ரயில் ஓட்டி ஓய்வுபெற்று இதே ஊரில் குடியிருப்பவன் என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் ஐந்தாம் படிவ மாணவன். தாத்தா பால்மரம் சீவியவர். அப்பா செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயில் போகும்போதெல்லாம் முன்னால் உட்கார்ந்திருப்பவரைத்தான் பார்ப்பேன். ரயில் ஓட்டுநராக என்ன படிக்க வேண்டும், எத்தனை ‘ஏ’ வேண்டும், பயிற்சி எப்படி இருக்கும்?
– மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, உங்கள் முழுக் கடிதத்தில் ‘ஏ’ எத்தனை என்று மூன்று இடங்களில் கேட்டிருக்கிறீர்கள். கண்ணைப் பற்றி ஓரிடத்திலும் கேட்கவில்லை. ஆகவே கண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

1875ஆம் ஆண்டு சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ரயில்காரர்களில் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கக்கூடும் என்று ஐயுற்ற ஹோல்ம்கிரன் என்ற உடலியல் பேராசிரியர், வண்ண வண்ணமான கம்பளி நூல்களைக் கையில் கொடுத்து, ஒத்த நிறங்களைப் பிரித்தெடுக்கச் சொல்லிச் சோதிக்கத் தொடங்கினார். இன்று கம்பளி நூலுக்குப் பதிலாக, புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா படங்களைக் காட்டுகிறார்கள். இந்தக் குறை பெரும்பாலும் தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது. உடையவருக்கே பல நேரங்களில் அது இருப்பது தெரியாது. ரம்புத்தான் மரத்தில் எது பழம், எது காய் என்று நிறத்தை வைத்துச் சொல்லத் தடுமாறும் தாய்மாமன் உங்களுக்கு இருக்கிறாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். இல்லை என்றாலும் பட்டணத்துக் கண்ணாடிக் கடையில் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தேர்விலும் தேறி, கடைசியில் மருத்துவச் சோதனையில் இந்தப் படத்தின் முன் கலங்கி நின்ற இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறக்குறையைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது என்பதால், இதை முதலிலேயே தெரிந்துகொள்வது வேறு வழி தேட அவகாசம் தரும்.

படிப்பைப் பொறுத்தவரை ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழே வாசல். ஒவ்வொரு முறையும் ஆள் எடுக்கும்போது விளம்பரத்தில் தகுதிகளை விவரமாக அச்சிடுவார்கள். அதை வரிவரியாகப் படியுங்கள், தேநீர்க்கடையில் கேட்டதை நம்பாதீர்கள். நான் அழுத்திச் சொல்வது தேசிய மொழியைத்தான். தேர்வில் தேறும் அளவு போதாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வானொலியில் இரைச்சலோடு வரும் கட்டளையை ஒரே முறையில் புரிந்துகொண்டு, அதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லும் அளவுக்கு அது நாவில் இருக்க வேண்டும். இயற்பியல் பிடிக்கும் என்றால் இன்னும் நல்லது.

பயிற்சியின் முதல் பகுதி வகுப்பறை. விதிப் புத்தகம், சிக்னல்கள், மின்சாரம், எஞ்சினின் உள்ளமைப்பு என்று எழுதிப் படிக்க வேண்டியவை நிறைய இருக்கும். பிறகு, ஓட்டுநர் அறையைப் போலவே அமைத்த பாவனைக் கருவியில் பழக்குவார்கள். அதன்பின் அனுபவமுள்ள ஓட்டுநர் பக்கத்தில் நிற்க, உண்மையான ரயிலில், உண்மையான பயணிகளோடு பழக வேண்டும். எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் இவற்றுக்கிடையே வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் காலம் முழுவதும் உங்களைப் படுத்தி எடுக்கப் போவது பிரேக். ரயிலைக் கிளப்பி ஓடவிடுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைத் தொடும் இடம் நம் ஐந்து காசு நாணயத்தைவிடச் சிறியது. வழுக்கிக்கொண்டு போகும் அந்தத் தன்மையால்தான் இத்தனை பாரத்தைக் குறைந்த சக்தியில் இழுக்க முடிகிறது, அதே தன்மையால்தான் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடிவதில்லை. இடிஎஸ் ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு விநாடியில் ஏறத்தாழ 39 மீட்டரைக் கடக்கிறது. அந்த வேகத்திலிருந்து பயணிகள் தடுமாறாமல் நிறுத்த வேண்டுமானால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தேவைப்படும். ஆகவே நிலையம் கண்ணில் பட்ட பிறகு பிரேக்கைத் தொடுகிறவன் நிலையத்தைத் தாண்டிவிடுவான்.

சரக்கு ரயிலில் இது இன்னும் கடினம். காற்றுப் பிரேக்கில், ரயில் முழுவதும் ஓடும் குழாயில் காற்றழுத்தம் நிறைந்திருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால் பிடிக்கும். வண்டி அறுந்து குழாய் பிரிந்தாலும் தானே பிடித்துக்கொள்ளும் என்பது இந்த ஏற்பாட்டின் அருமை. ஆனால் ஓட்டுநர் அழுத்தத்தைக் குறைத்தது கடைசிப் பெட்டிக்குத் தெரிவதற்குச் சில விநாடிகள் ஆகின்றன. அந்த இடைவெளியில் பின்பெட்டிகள் முன்பெட்டிகளை வந்து இடிக்கும். அதை முதுகில் உணர்ந்து பழக வேண்டும்; எந்தப் புத்தகமும் அதைச் சொல்லித்தராது.

நிறுத்தும் இடத்தைக் கண் தேடக்கூடாது என்றால் மனம் அறிந்திருக்க வேண்டும். அதனால்தான் பாதையை மனப்பாடம் செய்வது பயிற்சியின் பெரும்பகுதியாக இருக்கிறது. நம் ஊரிலிருந்து வடக்கே புறப்பட்டால் பேராக் ஆற்றைக் கடக்கிறோம். 1900இல் கட்டி முடித்த விக்டோரியா பாலம் ஓய்வெடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க, ரயில் புதிய பாலத்தில் போகிறது. கோலகங்சார், பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் 3.3 கிலோமீட்டர் நீளமுள்ள புக்கிட் பெராப்பிட் சுரங்கம் வருகிறது. வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழையும் கண் சில விநாடிகள் ஒன்றும் பார்க்காது என்பதைக்கூடக் கணக்கில் வைக்க வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எந்த வளைவுக்கு என்ன வேகம், எந்தச் சிக்னல் மரத்துக்குப் பின்னாலிருந்து தாமதமாகத் தெரியும், 25,000 வோல்ட் மேல்கம்பியில் மின்சாரம் இல்லாத சிறு இடைவெளி எங்கே வருகிறது, அங்கே சக்தியை நிறுத்திவிட்டு ஓடுகிற வேகத்திலேயே எப்படிக் கடப்பது என்று அத்தனையும் தலைக்குள் இருக்க வேண்டும். நான் கற்ற காலத்தில் இது ஒற்றைத் தண்டவாளம். வளைவுகளும் சிறு சுரங்கங்களும் நிறைந்த பழைய பாதையில் டீசல் எஞ்சின் ஓட்டினோம். இரவில் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு ஈப்போவிலிருந்து தைப்பிங்வரை ஒவ்வொரு சிக்னலாகச் சொல்லிப் பார்ப்பேன். என் மனைவிக்கும் பாதி பாதை மனப்பாடமாகிவிட்டது.

பாதை தெரிந்தும் ஒருநாள் தவறினேன். தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மணிக்குப் பெய்யும் என்று பந்தயம் கட்டும் ஊர். கொட்டித் தீர்க்கும் மழையைவிடத் தூறல் ஆரம்பிக்கும் முதல் சில நிமிடங்கள்தான் ஓட்டுநருக்குக் கெட்ட நேரம். தண்டவாளத்தில் படிந்த எண்ணெயும் தூசியும் கழுவப்படாமல் குழைந்து சவர்க்காரம் போலாகிவிடும். அப்படிப்பட்ட ஒரு மாலையில், வழக்கமான இடத்தில் பிரேக் பிடித்தேன். சக்கரம் நின்றது, ரயில் நிற்கவில்லை. இரண்டு பெட்டிகள் மேடையைத் தாண்டிப் போய் நின்றன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் பக்கத்தில் நின்ற பயிற்றுநர் என்னைத் திட்டவில்லை. எந்த இடத்தில் பிடித்தாய் என்று மட்டும் கேட்டார், அறிக்கையை என் கையாலேயே எழுதவைத்தார், அடுத்த நிலையத்துக்கு மறுபடியும் என்னையே ஓட்டச் சொன்னார்.

2005 ஏப்ரல் 25ஆம் தேதி ஜப்பானின் அமகாசாக்கியில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அந்த மாலைதான் நினைவுக்கு வந்தது. அங்கும் 23 வயது ஓட்டுநர் ஒருவர் மேடையைத் தாண்டி நிறுத்தினார். பின்னுக்கு வந்து ஆட்களை ஏற்றியதில் ஒன்றரை நிமிடம் தாமதம். தவறிழைத்த ஓட்டுநர்களை அவமானப்படுத்தும் ‘மறுபயிற்சி’ அங்கே வழக்கத்தில் இருந்தது. 70 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவுக்குள் ரயில் 116 கிலோமீட்டரில் நுழைந்து தடம்புரண்டது. ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். தண்டனையைப் பற்றிய பயம் அவர் கவனத்தைச் சிதறடித்திருக்கலாம் என்று விசாரணை கூறியது. தம்பி, நீங்கள் சேர்ந்த பிறகு சிறு தவறு செய்வீர்கள். அன்றே சொல்லிவிடுங்கள். தாமதத்தைத் துரத்திப் பிடிக்க நினைக்காதீர்கள்.

கேள்வி: என் மகன் இந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறான். இரவு வேலை, விபத்து, தண்டவாளத்தில் அடிபடுகிறவர்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அனுப்பலாமா ஐயா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் பயத்தில் பாதி பழைய பாதையைப் பற்றியது. மின்மயமான இரட்டைத் தண்டவாளத்தில் சாலைகள் குறுக்கே வராமல் மேலாகவோ கீழாகவோ போகின்றன; இருபுறமும் வேலியும் உண்டு. முன்பு தோட்டத்து மாடுகளால் எனக்கு வந்த வேதனை இன்றைய பிள்ளைகளுக்கு இல்லை. ஆனாலும் வேலியைப் பிரித்துக் குறுக்குவழி போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்படி ஒருவர் எதிரே வந்தால் ஓட்டுநரால் செய்ய முடிவது இரண்டு: அவசர பிரேக்கைப் போடுவது, ஒலிப்பானை அழுத்துவது. மற்றது தூரத்தின் கையில் இருக்கிறது. அத்தகைய அனுபவம் நேர்ந்தால் உங்கள் மகன் அதை வீட்டில் பேச வேண்டும், தேவையென்றால் மருத்துவரிடமும் பேச வேண்டும். ‘ஆம்பளைப் பிள்ளை, மறந்துவிடு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இரவு வேலையைப் பற்றிய உங்கள் கவலைதான் நியாயமானது. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து போகும் நாளும், விடிந்து வீடு திரும்பும் நாளும் மாறி மாறி வரும். ஓட்டுநர் கண்ணயர்ந்தால் கண்டுபிடிக்க எஞ்சினில் ஏற்பாடு இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் அவர் பொத்தானையோ மிதியையோ தொடாவிட்டால் எச்சரிக்கை ஒலித்து, அதற்கும் அசையாவிட்டால் ரயில் தானே நின்றுவிடும். ஆனால் அந்தக் கருவியை நம்பி யாரும் வேலைக்குப் போகக்கூடாது. பகலில் தூங்குகிறவனை வீடு தூங்கவிட வேண்டும். வருகிற விருந்தாளி ‘இன்னுமா தூக்கம்’ என்று எழுப்புவார். கோயில் ஒலிபெருக்கி ஒருபக்கம் பாடும். ஓட்டுநர் வீட்டில் இதற்கெல்லாம் முகம் கோணாமல் ‘இல்லை’ சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும், அது பெரும்பாலும் அம்மாவாகவே இருக்கும். இன்னொன்று: நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம். வேளை தவறிச் சாப்பிடும் இந்த வேலையில் அது சீக்கிரம் வந்து சேரும், மருத்துவச் சோதனையோ வேலையில் இருக்கும்வரை தொடரும். சோற்றுப் பாத்திரத்தை நீங்களே கட்டிக்கொடுங்கள்; அனுப்புங்கள்.

கேள்வி: பெண்கள் ரயில் ஓட்டலாமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, கோலகங்சார்

பதில்: தாராளமாக ஓட்டலாம் மகளே. நம் நாட்டிலும் பெண்கள் ஓட்டுகிறார்கள். இந்தியாவில் சுரேகா யாதவ் 1988லேயே ரயில் ஓட்டத் தொடங்கி, ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று பெயரெடுத்தவர். கரி அள்ளிப் போட்ட காலத்தில் தோள்வலிமை கேட்டார்கள். இன்றைய கைப்பிடிகளுக்கு அது வேண்டாம். மேலே மாணவருக்கு எழுதியதே உங்களுக்கும் பொருந்தும். சிரிக்கிறவர்களிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்றவன் நான். கோலாலம்பூரில் ஓட்டுநரே இல்லாத ரயிலில் பேரப்பிள்ளைகளோடு போய்வந்தேன். நிலைமை இப்படி இருக்க, பிள்ளைகளை இந்த வேலைக்குத் தூண்டுவது சரியா?
– ஒரு முதியவர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, நீங்கள் கண்டது உண்மை. கிளானா ஜெயா எல்ஆர்டி நகர ரயில் 1998 முதலே ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது, பின்னர் வந்த எம்ஆர்டி நகர ரயிலும் அப்படியே. ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அமையும் புதிய ரயிலுக்கும் ஓட்டுநர் கிடையாது. பட்டணத்து ரயில் வேலையை மட்டும் கனவு காணும் பிள்ளையை நான் தூண்டமாட்டேன்.

ஆனால் அவை வேறு எந்த ரயிலும் நுழையாத, தூண்மேலோ நிலத்துக்கடியிலோ தனியாக ஓடும் பாதைகள். நம் வீட்டுப் பின்னால் போகும் பாதையில் இடிஎஸ், கொள்கலன் ஏற்றிய சரக்கு வண்டி, பழுதுபார்க்கும் வண்டி என்று வேகமும் பாரமும் வேறுபட்டவை ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. கிம்மாஸிலிருந்து தும்பாட்வரை காட்டை ஊடுருவிச் செல்லும் 526 கிலோமீட்டர் கிழக்குப் பாதையிலோ இன்னும் டீசல்தான். வெள்ளமும் மண்சரிவும் அங்கே பழக்கப்பட்டவை. கோத்தா பாருவையும் கிள்ளான் துறைமுகத்தையும் இணைக்க 665 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்னொரு பாதை கட்டப்படுகிறது. இந்தத் தலைமுறை ஓய்வுபெறும்வரை இவ்விடங்களில் முன்னிருக்கை காலியாகாது என்பது என் கணிப்பு. கருவிகள் ஓட்டுநரின் தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய முதல் ரயிலின் தண்டவாளத்தைப் போட இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் ஸ்டேஷன் மாஸ்டர் என்றாலே யாழ்ப்பாணத்தார் என்றிருந்த காலத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்று ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியே நம் தோட்டப்புறத்துக்கு விளம்பரத் தேதி முடிந்த பிறகுதான் வருகிறது. ஓய்வாக இருக்கும் உங்களைப் போன்ற ஒருவர் அந்த விளம்பரங்களைக் கவனித்து, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

கேள்வி: ரயிலில் ஸ்டியரிங் இருக்கிறதா? இல்லை என்றால் எப்படித் திரும்புகிறது?
– ஆறாம் ஆண்டு மாணவர், தமிழ்ப்பள்ளி

பதில்: ஸ்டியரிங் இல்லை கண்ணு. ரயில் சக்கரம் தட்டையாக இருக்காது. உட்பக்கம் சற்றுப் பெரிதாகவும் வெளிப்பக்கம் சற்றுச் சிறிதாகவும் கூம்புபோலச் சரிந்திருக்கும். வளைவில் ரயில் வெளிப்பக்கமாக ஒதுங்கும்போது, வெளிச்சக்கரம் தன் பெரிய பகுதியிலும் உட்சக்கரம் தன் சிறிய பகுதியிலும் உருள்வதால், ஒரே அச்சில் இருந்தாலும் வெளிப்பக்கம் அதிகத் தூரம் போய்த் தானே திரும்பிவிடுகிறது. உட்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு, மீறிப்போகாமல் தடுக்கும் காவல்.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போவது என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் முடிவு செய்து தண்டவாளத்தை மாற்றிவைப்பார். ஓட்டுநர் சிக்னலைப் பார்த்து, தனக்குக் கொடுத்தது தான் போக வேண்டிய பாதைதானா என்று சரிபார்ப்பார். தவறான பாதை கொடுத்திருந்தால் நிறுத்திவிட்டு, வானொலியில் கேட்பார்.